இருமாத மிஷின்

மிஷின் இருமவில்லை. இன்னாசிமுத்து இதைக் கவனித்தபோது சாணைக்கல் கிராங்கின் மூன்றாவது பின்னைத் தொட்டு ஸ்ஸ்ஸென்று பொறி கக்கிக்கொண்டிருந்தது, சோப்புத்தண்ணி முழங்கை வரைக்கும் தெறித்துக்கொண்டிருந்தது, கை அது பாட்டுக்குச் சக்கரத்தை ஒரு மயிரிழை முன்னே தள்ளிக்கொண்டிருந்தது, காதுக்கு மட்டும் எதுவோ குறைந்தது. குழம்பில் உப்புக் குறைந்தால் முதலில் என்ன குறைகிறதென்று தெரியாமல் நாக்கு முழிக்குமே, அப்படி. கரண்டு சரியாத்தான் வருது, பெல்ட்டு ஓடுது, கல்லு ஓடுது, வெளியே மேற்கேயிருந்து வீசுகிற கச்சான் காற்று தகரத்தைப் போட்டு அடிக்கிற சத்தம்கூடக் கேட்குது, அப்புறம் என்னத்தெக் காணோம் என்று ஒவ்வொன்றாகக் காதால் தடவிக்கொண்டே வந்தவன் அந்த இடத்தில் வந்து நின்றான். டொக். அந்த டொக்கைக் காணோம். கிராங்க் என்றால் இஞ்சினின் அடிவயிற்றில் கிடக்கிற கோணல் தண்டு. பிஸ்டன்கள் மேலும் கீழும் குதிக்கிற குதியை அதுதான் சுற்றாக மாற்றிப் புரப்பல்லருக்கு அனுப்புகிறது. அதில் வெளியே தள்ளி நிற்கிற ஒரு பின்னைச் சாணை பிடிக்க வேண்டுமானால் மொத்தத் தண்டையும் ஓரமாக நகர்த்தி, அந்தப் பின்னை மட்டும் நடுவில் நிறுத்திச் சுற்ற வேண்டும், மற்றதெல்லாம் கோட்டி பிடித்ததுபோல் அதைச் சுற்றி வட்டமடிக்கும். சுற்றிவிடுகிற தட்டுக்கு ஒரு நடுவு, சுற்றுகிற பின்னுக்கு ஒரு நடுவு. ரெண்டும் ஒண்ணா வராது, புது மிஷினிலேயே வராது, இதுவோ முதலாளி ஞானதுரை தன் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிப்போட்ட மிஷின். அதனால் தட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கிற இரும்பு விரலுக்கும், கிராங்கின் நுனியைக் கவ்வியிருக்கிற கவ்விக்கும் நடுவே இன்னாசி ஒரு தோல்வாரைத் தொளதொளவென்று சுற்றிவைப்பான். விளக்கெண்ணெய் குடித்த தோல். விரல் கவ்வியைத் தள்ளும், ஆனால் பிடிக்காது. அந்த ரெண்டு நடுவுக்கும் இடையில் இருக்கிற மயிரிழை வித்தியாசத்தை அந்தத் தோல் தின்றுவிடும். தொளதொளப்பாக இருப்பதால் கிராங்கின் கனத்த பக்கம் மேலேறிக் கீழே சாயும்போது சுற்றுக்கு ஒரு தடவை டொக்கென்று ஒரு சத்தம். பட்டறையில் அதை இருமல் என்பார்கள். இருமினால் மிஷின் சுகமாக இருக்கிறது என்று அர்த்தம்.

இப்போது இருமவில்லை, எப்போதிருந்து இருமவில்லை, நேற்று இருமியதா, நேற்று முழுக்க வேறொரு லாஞ்சியின் சின்ன சாமான்கள், நேற்றைச் சொல்ல முடியாது, முந்தாநாள் ஞாயிற்றுக்கிழமை பூசை, சனிக்கிழமை அவன் மிஷினைத் தொடவேயில்லை. அதற்கு முன்னே, வெள்ளிக்கிழமை, என்று போனபோது நெஞ்சுக்குள் ஏதோ ஒன்று சட்டென்று உட்கார்ந்தது. கிரகோரி. அன்றைக்கு கிரகோரி இங்கே நின்றான். இதோ இந்த இடத்தில், கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாயில் ஒரு கடலை மிட்டாயை ஒதுக்கிக்கொண்டு. கிரகோரி யார், பவுலினின் கூடப்பிறந்த தம்பி, இன்னாசிக்கு மைத்துனன், ‘சந்தியாகப்பர்’ என்ற விசைப்படகு லாஞ்சிக்கு டிரைவர். மீன்பிடித் தடைக்காலம் என்றால் ரெண்டு மாதம் ஒரு லாஞ்சியும் கடலுக்குப் போகாது, தூத்துக்குடியில் இருக்கிற அத்தனை இஞ்சினும் கரையேறிவிடும், ஞானதுரை பட்டறை வாசலில் கிராங்க்குகள் கருவாடு மாதிரி வரிசையாகக் கிடக்கும். வேறு பட்டறைக்குப் போகலாம் என்று லாஞ்சி முதலாளி சில்வேரா சொன்னாராம். கிரகோரி ஒத்துக்கொள்ளவில்லையாம். எங்க மச்சான் கைபட்டாத்தான் எனக்கு ஒறக்கம் வரும் என்றானாம். பவுலின் இதை வந்து சொல்லும்போது அவள் முகத்தில் எவ்வளவு பவிசு. இவனுக்கும்தான் இருந்தது, இல்லாமலா, எட்டு ஊருக்குக் கேட்கிற மாதிரி அன்றைக்குத் தொண்டையைக் கனைத்துக்கொண்டான். அந்தப் பவிசோடுதான் கிராங்கை ஏற்றினான். கிரகோரி பக்கத்திலேயே நின்று வேடிக்கை பார்த்தான், சும்மா நிற்கிற வாயா அது. “என்ன மச்சான், ஒங்க மிஷினு இப்படி இருமுது? காசநோயா? ஒரு கசாயம் வச்சுக் குடுக்கக்கூடாதா?” பட்டறையில் நின்ற ரெண்டு மூன்று பேர் சிரித்தார்கள். ஞானதுரை அண்ணாச்சியும் சிரித்தார். இன்னாசியும் சிரித்தான், சிரித்துக்கொண்டேதான் மிஷினை நிறுத்தினான். “கசாயமா, பாருல இப்போ” என்று தோல்வாரை அவிழ்த்து, எண்ணெய் காய்ந்து விறைத்துப் போயிருந்ததை இழுத்து, ஒரு சுற்றுக் கூடச் சுற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு முடிச்சுப் போட்டான். மிஷினை ஓட்டினான். சத்தமேயில்லை. “ஆத்தீ, மச்சான் வைத்தியராயிட்டாரு” என்றான் கிரகோரி. அவ்வளவுதான். அந்த முடிச்சை அவன் பிறகு அவிழ்க்கவே இல்லை. சேசுவே, அவிழ்க்கவே இல்லையே.

அவிழ்க்காவிட்டால் என்ன ஆகிவிடும், ஒன்றும் ஆகாது, ஒரு சுற்றுத்தானே, எத்தனையோ பட்டறையில் தோலே வைக்காமல் நேராகக் கவ்விப்பிடித்து ஓட்டுகிறார்கள், அந்த லாஞ்சியெல்லாம் போகாமலா இருக்கு. அளந்தானே. ஒவ்வொரு பின்னையும் மைக்ரோமீட்டரில் அளந்தான், இப்படி அளந்தான், குறுக்கே அளந்தான், எல்லாம் ஒரே அளவு, இம்மி பிசகில்லை. ஒரே அளவு. நுங்கும் ஒரே அளவுதானே. மூன்று கண் நுங்கு. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எந்தப் பக்கம் பிடித்தாலும் ஒரே அகலம்தான் தெரியும், தரையில் உருட்டிவிட்டால் மூன்று தரம் எக்கி எக்கித்தான் போகும். இறுக்கிப் பிடித்த மிஷின் தன்னுடைய கோணலைப் பின்னின் உடம்பில் இறக்கிவிடும், தோல் தின்ன வேண்டிய மயிரிழையைப் பின் தின்றுவிடும், அப்புறம் அது வட்டம் மாதிரி இருக்கும், வட்டமாக இருக்காது, மைக்ரோமீட்டருக்கு அது தெரியவே தெரியாது, ரெண்டு உதட்டால் கவ்விப் பார்க்கிற சாமானுக்கு மூணு மூலை எப்படித் தெரியும். இது அவனுக்குத் தெரியாத விஷயமா. தெரியும். அதற்குத்தானே கவட்டை மாதிரி வெட்டின இரும்புக் கட்டை ஒன்று டயலோடு அலமாரியில் கிடக்கிறது. அதைப் பின்மேல் உட்காரவைத்து கிராங்கைக் கையால் ஒரு சுற்றுச் சுற்றினால் போதும், வட்டமாக இருந்தால் முள் சும்மா நிற்கும், நுங்காக இருந்தால் மூன்று தரம் துள்ளும். அன்றைக்கு ஏன் எடுக்கவில்லை. தோலைத் தொளதொளவென்று கட்டினால் அதற்கு அவசியமே வராது என்பதால் எடுக்கவில்லை. கட்டினது தொளதொளவென்று அல்ல என்பது ஞாபகத்தில் இல்லாததால் எடுக்கவில்லை. வாசலில் அடுத்த கிராங்க் காத்துக்கிடந்ததால் எடுக்கவில்லை. கிரகோரி கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு பின்னாகக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, கடைசிப் பின்னில் சிலுவை வரைந்து விரலை முத்தமிட்டான், அவன் எப்போதும் செய்கிறதுதான், “கன்னம் மாதிரி இருக்கு மச்சான்” என்றான். கன்னமாம் கன்னம். கல் முன்னே போகிறது, பொறி கொஞ்சம் சிவந்து வந்தது, கையைத் தளர்த்தினான்.

இன்றைக்குத்தான் தடை முடிந்தது. விடியுமுன்னே எல்லா லாஞ்சியும் வெடிபோட்டுக்கொண்டு போய்விட்டன, சாமியார் தண்ணீர் தெளித்தார், பவுலின் மெழுகுதிரி வாங்கிக்கொண்டு போயிருந்தாள், சந்தியாகப்பர் நாலாவதோ ஐந்தாவதோ ஆளாகத் துறைமுக வாயைத் தாண்டியது. கிரகோரி மேலே நின்று கையாட்டவில்லை. கிரகோரி எப்போதும் இஞ்சின் மூடிமேல் குதிகாலை வைத்துக்கொண்டுதான் உட்காருவான், காதைவிட எனக்குக் குதிகால்தான் மச்சான் கேக்கும் என்பான். ஒரு தரம் இன்னாசியையும் கூட்டிக்கொண்டு போனான். கடலுக்கு மிஷின் செய்கிறவன் கடலைப் பார்க்காமல் செத்தா நல்லாவா இருக்கும் என்று. இவன் கரை மறையுமுன்னே குடலெல்லாம் வெளியே வருகிற மாதிரி கக்கினான், இஞ்சின் அறைக்குள்ளே எட்டிப் பார்த்தபோது டீசல் வாடையிலும் சூட்டிலும் கண் இருட்டியது, அத்தனை பெரிய இரும்பு அத்தனை சின்னப் பொந்துக்குள் ஒரு கையகலத் தூரத்தில் வெறிபிடித்துச் சுற்றுகிறது, கிரகோரி அதன் பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து எண்ணெய்க்குழாயைத் துடைத்துக்கொண்டிருந்தான். அந்தக் கையகலம். வட்டமில்லாத பின்னில் பேரிங் சூடேறிப் பிடித்துக்கொண்டால், பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கிற ராடு ஒடிந்தால், ஒடிந்த ராடு எங்கே போகும், இஞ்சின் பிளாக்கைப் பிளந்துகொண்டு வெளியேதான் வரும், பக்கத்தில் படுத்திருக்கிறவன் என்ன ஆவான். வேண்டாம். அதை நினைக்கவேண்டாம். ராடு ஒடியாது, இஞ்சின் வெறுமனே நின்றுபோகும். நின்றுபோனால் வலை கீழே, கச்சான் காற்று பின்னாலே, நங்கூரம் பிடிக்காத ஆழம், லாஞ்சி குறுக்கே விழும், குறுக்கே விழுந்தால் ஒவ்வொரு அலையும் கன்னத்தில் அறைகிற மாதிரிதான், கவிழாவிட்டால் கிழக்கே கிழக்கே இழுத்துக்கொண்டுபோய் அந்தப் பக்கத்து எல்லையில் விட்டுவிடும், அங்கே நேவிக்காரன். கரையில் கட்டிவைத்து ஓட்டிப் பார்த்தார்களே, நன்றாகத்தானே ஓடியது. ஓடும். கரையில் ஓட்டினால் சுமையில்லை. வலையை இறக்கி இழுக்கும்போதுதான் கிராங்க்மேல் கனம் விழும். இப்போது இழுத்துக்கொண்டிருப்பார்கள். இந்த நிமிஷம்.

“என்னவே இன்னாசி, மொகமெல்லாம் இப்படி வேர்த்துக் கிடக்கு?” ஞானதுரை அண்ணாச்சி டீயோடு பக்கத்தில் நின்றார். எப்போது வந்தார் என்று தெரியவில்லை. சொல்லிவிடலாம், இப்போதே, அண்ணாச்சி அன்னைக்கு நான் வாரை இறுக்கிக் கட்டிட்டேன், அவ்வளவுதான், ஒரே மூச்சில் சொல்லிவிடலாம். “புழுக்கம் அண்ணாச்சி” என்றான். “காத்து இந்தப் போடு போடுது, இவருக்குப் புழுக்கமாம். டீயெ ஆறிப்போகுமுன்ன குடியும்.” போய்விட்டார். நல்ல மனுஷன். இந்தத் தடைக்காலத்தில் வந்த கிராங்க்கில் பாதிக்கு மேல் இன்னாசியின் பேருக்காக வந்தது என்று அவர் வாயாலேயே சொல்லியிருக்கிறார். அந்தப் பேர் போனால் யாருக்குப் போகும், அவருக்கும்தான் போகும். ஏதோ சந்தேகத்தில் ஊரைக் கூட்டி, முதல் நாளில் வலையைச் சுருட்டிக்கொண்டு லாஞ்சி வெறுங்கையோடு திரும்பி, இஞ்சினைப் பிரித்துப் பார்த்து ஒன்றுமில்லை என்றால்? ரெண்டு மாதமாக அடுப்பை எப்படிப் பற்றவைத்தார்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளாத வீடுகள். முகத்தில் துப்புவார்கள். துப்பட்டும், துப்பினால் துடைத்துக்கொள்ளலாம். இல்லை, ஒன்றுமில்லாததற்கு ஏன் துப்பு வாங்கணும். முதலில் இந்தப் பின் முடியட்டும். இதுவும் அதே முடிச்சில்தான் ஓடுகிறது. இதை முடித்துக் கவட்டைக் கட்டையை வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும், இது வட்டமென்றால் அதுவும் வட்டம். இது வட்டமில்லையென்றால். கல்லை மெதுவாகத்தான் தள்ளினான். வழக்கத்தைவிட மெதுவாக. பின் சீக்கிரம் முடிந்துவிடக்கூடாது என்று கை தானாகவே ஒரு தந்திரம் செய்கிறது, அவனுக்கே தெரிந்தது, சவத்து மூதி, உன் கைக்கே பயமால.

போன் அடித்தது. பவுலின். அவன் எடுத்த எடுப்பில், “என்ன, என்ன ஆச்சு?” என்று கத்தினான். “எதுக்கு இப்படிக் கத்துதிய? ஒண்ணும் ஆகல. சாயங்காலம் வரும்போது புளி வாங்கிட்டு வாங்க. மொத நாளு, தம்பி சீலா மீனு இல்லாம வரமாட்டான். மசாலாவெ இப்பவே அரைச்சு வச்சிட்டேன்.” சரி என்றான். “என்ன சுதி இல்லாம பேசுதிய?” “மிஷினு ஓடுது, வையி.” வைத்துவிட்டாள். அவள் அரைத்த மசாலா அம்மியிலிருந்து வழித்து எடுத்து உருட்டி வைத்திருப்பாள், மேலே ஈரத்துணி போட்டு மூடியிருப்பாள், அவள் விரலில் மஞ்சள் இருக்கும், அந்த விரலோடுதான் போனைப் பிடித்திருப்பாள், அந்த விரலோடு அவள் தலையில் அடித்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடுவது சட்டென்று கண்முன்னே வந்தது, வந்து போகவே மாட்டேன் என்றது. என் தம்பியெக் கொன்னுட்டியளே. அவள் அப்படிச் சொல்லமாட்டாள். சொல்லாமல் இருந்துவிடுவாள். வாழ்நாள் பூராவும் புளி வாங்கிட்டு வாங்க, உப்பு வாங்கிட்டு வாங்க என்று மட்டும் சொல்லிக்கொண்டு, அதைச் சொல்லாமலே இருப்பாள். அதை நினைத்ததும் கல்லைப் பின்னிலிருந்து விலக்கினான், தண்ணியை அடைத்தான், மிஷினை நிறுத்தினான். பட்டறை பூராவும் ஓசையடங்கி, தகரம் மட்டும் படபடத்துக்கொண்டிருந்தது.

மைக்ரோமீட்டரை எடுத்தான். பின்னைத் துணியால் துடைத்து, இப்படிப் பிடித்தான், குறுக்கே பிடித்தான், சாய்த்துப் பிடித்தான். ஒரே அளவு. பாத்தியா, ஒரே அளவு, இதோட விட்டுரு. விட்டுவிடலாம்தான். யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை. கிரகோரி சாயங்காலம் சீலாவைத் தூக்கிக்கொண்டு வந்து, வைத்தியரே என்று வாசலில் நின்று கூப்பிடுவான். அலமாரி வரைக்கும் நடந்துபோனதும் கவட்டைக் கட்டையை எடுத்ததும் தான்தானா என்று அவனுக்கே சரியாகத் தெரியவில்லை. ஒட்டடையை ஊதினான். பின்மேல் உட்காரவைத்தான், டயலை முட்டவைத்தான், முள்ளைப் பூச்சியத்தில் நிறுத்தினான். மாதாவே, அசையாம நிக்கணும். கிராங்கைக் கையால் மெல்லச் சுற்றினான். முள் நின்றது. நிற்கிறது, நிற்கிறது பாரு, என்று மூச்சை விடப்போகுமுன்னே அது ஏறியது. ஏறி இறங்கியது. மறுபடி ஏறி இறங்கியது. மறுபடியும். ஒரு சுற்று முடிந்தது. இல்லை, பிசிறு ஏதாவது ஒட்டியிருக்கும். துடைத்தான், சட்டைத் துணியாலேயே துடைத்தான், வேறு இடத்தில் வைத்துச் சுற்றினான். மூன்று தரம். பக்கத்துப் பின்னில் வைத்தான், அதுவும் இன்றைக்குக் காலையில் இதே முடிச்சில் ஓட்டினது. மூன்று தரம். நுங்கு.

“அண்ணாச்சி” என்றான். மறுபடி கூப்பிட்டான், இந்தத் தரம் பட்டறையே திரும்பிப் பார்த்தது. ஞானதுரை வந்தார். இன்னாசி சொன்னான். முன்னும் பின்னுமாக, கிரகோரியின் கசாயத்தில் ஆரம்பித்து முள்ளில் முடித்தான், நடுவில் ஒரு இடத்தில் அழுகை வந்தது, அதை விழுங்கிவிட்டுச் சொன்னான். “கோட்டியாவே ஒமக்கு?” என்றார் அவர். “மொத நாளு. வலையெச் சுருட்டிட்டு வான்னு சொன்னா சில்வேரா செருப்பெக் கழத்திருவாரு. சின்ன வித்தியாசத்துக்கெல்லாம் இஞ்சின் நிக்காது, அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்.” “அது கடல்ல கிடக்கு அண்ணாச்சி. ரோட்டுல போற லாரின்னா ஓரங்கட்டிரலாம்.” அவர் குனிந்து, தானே கிராங்கைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினார். முள் அவருக்கும் மூன்று தரம் துள்ளியது. நிமிர்ந்தார். தன் சட்டைப்பையிலிருந்து தன்னுடைய போனை எடுத்தார், தானே சில்வேராவுக்கு அடித்தார், “நம்ம பட்டறையில ஒரு தப்பு நடந்துபோச்சு” என்றுதான் ஆரம்பித்தார்.

சில்வேரா துறைமுகத்தில் வயர்லெஸ் பக்கத்திலேயே இருந்தார். அவர் திட்டினதெல்லாம் போனைத் தாண்டி வெளியே கேட்டது. பிறகு அவர் வயர்லெஸ்ஸில் கூப்பிடுகிற சத்தம். சந்தியாகப்பர், சந்தியாகப்பர், சில்வேரா பேசுதேன். கரகரப்பு. மறுபடி கூப்பிட்டார். கரகரப்பு. ஞானதுரை போனை இன்னாசியின் காதில் வைத்துப் பிடித்திருந்தார். வராது. பதில் வராது. பொந்துக்குள்ளே படுத்திருப்பான், கையகலத்தில் படுத்திருப்பான், எண்ணெய்க்குழாயைத் துடைத்துக்கொண்டு. இன்னும் ஒரு தரம் கூப்பிடச் சொல்லணும், இன்னும் ஒரே ஒரு தரம், சேசு மரி சூசை, ஒரே ஒரு தரம். கரகரப்புக்கு நடுவே ஒரு குரல் வந்தது. “சொல்லுங்க மொதலாளி, வலை கீழ கிடக்கு.” அவன் குரல். சில்வேரா ஏதோ சொன்னார், தன் போனை வயர்லெஸ்ஸோடு ஒட்டிப் பிடித்தார் போலிருக்கிறது, காற்றிரைச்சல் திடீரென்று காதுக்குள் வந்தது, இஞ்சின் சத்தமும் வந்தது.

“யாரு, மச்சானா?” கிரகோரி சிரித்தான். “வைத்தியரே, ஒங்க மிஷினோட இருமல் இங்க வந்துட்டு. வலையெ எறக்குனதுலேருந்து லேசா இருமுது, குதிகால்ல தெரியுது. கூட நிக்கவனுவ பயந்தானுவ. எங்க மச்சான் சாணை புடிச்ச கிராங்கு, அது ஒண்ணும் செய்யாது, போட்டு இழுப்போம்னு நாந்தான் சொன்னேன்.”

பட்டறையில் எல்லோரும் இன்னாசியையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். காதுக்குள் இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, அவனுக்கு இப்போது தெளிவாகவே கேட்டது, டொக், டொக் என்று.

“நம்பாத மாப்ள” என்றான். “என்னெ நம்பாத. நான் தப்பாப் புடிச்சுட்டேன். வலையெ வெட்டி விடு, மெதுவா ஓட்டிட்டு வா. இஞ்சின் அறைக்குள்ள எறங்காத. ஒருத்தனும் எறங்க வேண்டாம். கேக்குதா? கிரகோரி, கேக்குதா?”

கரகரப்பு. கச்சான் காற்று அங்கேயும் இங்கேயும் ஒரே மாதிரி இரைந்தது. பிறகு யாருக்கோ, “ஏல, அருவாளெ எடு” என்று அவன் சொல்வது கேட்டது, இஞ்சின் சத்தம் கொஞ்சங்கொஞ்சமாகத் தணிந்தது. இன்னாசி போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை. இன்னொரு கையால் மிஷினிலிருந்த தோல்வாரின் முடிச்சை நகத்தால் கீறி அவிழ்க்கப் பார்த்தான். அது வரவில்லை.